வாய்க்கால் வடக்கேயா தெற்கேயா: திறமூல மென்பொருளுக்குள் ஏஐ வரலாமா?

அம்பை எழுத்தர் | சனி, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் பத்திரம் எழுதும் தொழில். முதலில் தட்டச்சு மிஷின், அப்புறம் கம்ப்யூட்டர், 2012 முதல் லிப்ரே ஆபீஸ், மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருள். ஒரு பைசா கேட்காமல் இத்தனை வருஷம் என் வீட்டுக்குச் சோறு போட்ட மென்பொருள் அது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு கவலை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் பையன் லிப்ரே ஆபீஸில் ஒரு நீட்சியை (மேலே சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள்) ஏற்றிவிட்டான். எழுதியதைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் ஏஐ அதை நல்ல நடையில் திருப்பி எழுதித் தரும். ஒரு கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தை அதில் கொடுத்திருக்கிறான். நான் எழுதியிருந்தது வழக்கமான பெருநான்கெல்லை: "வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, இதற்குள்பட்ட நஞ்சை 42 செண்ட்." ஏஐ தந்தது: "வடக்கில் வாய்க்கால், தெற்கில் வண்டிப்பாதை." படிக்க அழகாக இருந்தது. ஆனால் நிலம் தலைகீழாகிவிட்டது. வாய்க்காலுக்கு வடக்கு என்றால் நிலம் வடக்கே, வாய்க்கால் தெற்கே. பத்திரம் படித்துப் பழகிய யாருக்கும் இது தெரியும்.

எழுதிக்கொடுப்பவருக்கு வாசித்துக் காட்டும்போதுதான் பிடிபட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அவர். "வாய்க்கா தெக்கல்லா கெடக்கு" என்றார். அவர் சொல்லாவிட்டால் அப்படியே பதிவுக்குப் போயிருக்கும். பிறகு பிழைதிருத்தல் பத்திரம், அலைச்சல், நாளைக்கு அவர் பேரப்பிள்ளைகளுக்குள் வழக்கு.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. அந்தப் பக்கத்தில் பாட்டியின் ஆதார் எண், கணவர் பெயர், சர்வே எண் எல்லாம் இருந்தன. அந்த எழுத்து எங்கே போய்விட்டு வந்தது? தேடிப் பார்த்தால் வெளிநாட்டில் ஏதோ ஒரு சர்வருக்கு. பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

நீட்சி என்பதால் நீக்கிவிட்டேன். நாளைக்கு இதை மென்பொருளுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால்? வைக்கவே கூடாது என்பது என் எண்ணம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாளை அச்சகம் | சனி, இரவு 10:02

அண்ணாச்சி, நடந்ததைப் படிக்கும்போதே பதறுகிறது. ஆனாலும் "வைக்கவே கூடாது" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பாளையங்கோட்டையில் நானும் என் கணவரும் அச்சகம் நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, கொடை நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர். பழைய வானவில் எழுத்துருக் கோப்புகளை விட்டு யூனிகோடுக்கு வந்து, படம் வரைய இங்க்ஸ்கேப்பும் பக்கம் அமைக்க ஸ்கிரைபஸும் கற்றுக்கொள்ள எங்களுக்கு மூன்று வருஷம் ஆனது. எங்களுக்கு இன்றுவரை கிடைக்காத ஒரே கருவி, நம்பக்கூடிய தமிழ்ப் பிழைதிருத்தி. லிப்ரே ஆபீஸில் இருக்கும் ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி சொற்பட்டியலையும் ஒட்டு விதிகளையும் வைத்து வேலை செய்கிறது. தமிழில் "வீட்டிலிருந்துதானே", "கொடுத்தனுப்பியவர்களுக்கும்" என்று ஒட்டு மேல் ஒட்டு போட்டுக்கொண்டே போகலாம். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு விழும். நாங்கள் அதை அணைத்துவிட்டோம். ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு எல்லாம் இருக்கிறது. நமக்கு ஒன்று வரும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் "திருவளர்ச்செல்வன்" என்று போட்டுத்தான் கேட்பார்கள். அது வினைத்தொகை, நடுவில் ச் வராது, "திருவளர்செல்வன்" என்பதுதான் சரி. ஏஐயிடம் கேட்டேன். ச் போட்டுத்தான் தந்தது. ஊரில் பாதிப் பத்திரிகை அப்படித்தானே அடித்திருக்கிறது, அதைப் படித்துத்தானே அது கற்றிருக்கும். பெரும்பான்மை எதுவோ அதுதான் அதற்கு இலக்கணம்.


பொருநைக்கரை | ஞாயிறு, காலை 7:25

நான் நிரல் எழுதுகிறவன். திறமூல மென்பொருட்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் செய்கிறேன். ஏஐ என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று சாமான்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அதைப் பிரித்துவிட்டுப் பேசலாம்.

ஒன்று, ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஏஐ. பழைய பத்திரத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக்க டெசராக்ட் பயன்படுத்துகிறீர்கள் அல்லவா அண்ணாச்சி? எச்.பி. நிறுவனத்தில் பிறந்து 2005-ல் திறமூலமானது. 2018-ல் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து அதற்குள் எடுத்துக்காட்டுகளைப் பார்த்துக் கற்ற நரம்பணு வலைதான் எழுத்தைப் படிக்கிறது. ஏராளமான எழுத்தைப் படித்துக் கற்று எழுதித்தரும் "மொழி மாதிரி" (லாங்குவேஜ் மாடல்) வகை இல்லை அது, சின்னச் சாமான். யாரும் அதை எதிர்க்கவில்லை, ஏனென்றால் படம் உங்கள் மேஜையை விட்டு வெளியே போவதில்லை. 2023-ல் பயர்பாக்ஸ் உலாவியின் 118-ஆம் பதிப்பில் வந்த மொழிபெயர்ப்பும் இந்த வகை. மாதிரியை ஒருமுறை இறக்கிக்கொள்கிறது, பிறகு உங்கள் கம்ப்யூட்டரிலேயே பெயர்க்கிறது. 2025 ஜனவரியில் விஎல்சி வீடியோ பிளேயர் காட்டிய வசனவரி வசதியும் இணையம் இல்லாமல் ஓடுவதுதான்.

இரண்டாவது, பெரிய மொழி மாதிரி, ஆனால் நம் கம்ப்யூட்டரிலேயே ஓடுவது. 2023 மார்ச்சில் லாமா.சிபிபி என்ற திறமூல நிரல் வந்த பிறகு சாதாரணக் கம்ப்யூட்டரிலும் இது முடிகிறது. 700 கோடி அளவுருக்கள் (கற்றதைச் சேர்த்து வைக்கும் எண்கள்) கொண்ட மாதிரியில் ஒவ்வொரு எண்ணையும் 4 பிட்டுக்குச் சுருக்கினால் கோப்பு சுமார் 4 ஜிபி. 8 ஜிபி ராம் வேண்டும். பையத்தான் ஓடும்.

மூன்றாவது, எழுத்தை வேறு எங்கோ அனுப்பி வாங்குவது. உங்கள் பையன் ஏற்றியது இது.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. "திருநெல்வேலி" என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 12 குறியீடு, கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 36 பைட். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் 11 பைட். மாதிரியின் சொற்துண்டுப் பட்டியலில் தமிழ் குறைவாக இருந்தால் ஒரு சொல்லைப் பொடிப்பொடியாக நறுக்கித்தான் படிக்கும். மெட்டா நிறுவனத்தின் லாமா 2 மாதிரியின் பட்டியலில் மொத்தமே 32,000 துண்டுகள், அதில் தமிழ் சொற்பம். 2023-ல் வந்த தமிழ் லாமாவில் 16,000 தமிழ்த் துண்டுகளைக் கூடுதலாகச் சேர்த்தது இதற்காகத்தான். நறுக்கு கூடினால் நேரமும் கூடும், வெளியே வாங்கினால் துட்டும் கூடும்.

லிப்ரே ஆபீஸ் இதுவரை நடந்துகொண்ட விதத்தையும் பாருங்கள். 7.4 பதிப்பில் லாங்குவேஜ்டூல் இலக்கணச் சோதனையையும், 7.5-ல் டீப்எல் மொழிபெயர்ப்பையும் சேர்த்தார்கள். இரண்டும் வெளியே அனுப்புகிறவைதான். ஆனால் நீங்களாகப் போய் முகவரியைக் கொடுத்து இயக்கினால் ஒழிய ஒன்றும் நடக்காது. லாங்குவேஜ்டூலை உங்கள் கம்ப்யூட்டரிலேயே நிறுவி அந்த முகவரியையும் கொடுக்கலாம். கதவு வைத்தார்கள், சாவியை நம்மிடம் கொடுத்தார்கள். எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது.


கல்லிடை கணினி | ஞாயிறு, காலை 11:40

கல்லிடைக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. 8 ஜிபி ராம் என்று எழுதியதைப் படித்ததும் கேட்கிறேன்: யாரிடம் இருக்கிறது 8 ஜிபி?

என் கடைக்கு வருவதில் பெரும்பாலும் 4 ஜிபி. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த மிஷின்களைக்கூட இன்னும் கொண்டுவருகிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பழைய மிஷினில் அது கிடையாது. அந்த மிஷின்களைக் குப்பைக்கு அனுப்பாமல் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். டைப்பிங் பழகும் பிள்ளைகளும், அப்பளக் கம்பெனியில் கணக்கு எழுதும் அக்காக்களும் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். திறமூல மென்பொருள் எடை கூடினால் இவர்கள் போக வேறு இடம் இல்லை.

அப்புறம் இணையம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை நாம் யாரும் மறக்க முடியாது. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் ஏறி நின்றது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இன்வெர்ட்டரில் மடிக்கணினியைப் போட்டு, நிவாரணப் பட்டியலை லிப்ரே ஆபீஸ் கால்க்கில்தான் அடித்தான். வீடு வீடாக, ரேஷன் கார்டு எண்ணோடு. அந்தக் கோப்பைத் திறக்க எந்தச் சர்வரும் தேவைப்படவில்லை. எது வேண்டுமானாலும் சேருங்கள், அந்தக் குணம் மட்டும் போகக் கூடாது.


திரைவாசிப்பான் | ஞாயிறு, மாலை 4:15

எல்லாருடைய பதிவையும் கேட்டேன். "படித்தேன்" என்று எழுதாமல் கேட்டேன் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் ஆசிரியர்.

என் உலகம், திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் என்விடிஏ என்ற திறமூல மென்பொருளில் ஓடுகிறது. பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006-ல் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரோடு சேர்ந்து வளர்த்தது. எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக்கின் தமிழ்க் குரல் கரடுமுரடாக இருக்கும், பழகிவிட்டேன். எனக்கு வரும் சுற்றறிக்கைகளில் பாதி, காகிதத்தைப் படம் எடுத்து பிடிஎஃப் ஆக்கியவை. என் காதுக்கு அது வெற்றுப் பக்கம். முன்பெல்லாம் சக ஆசிரியர் யாராவது ஓய்வாக இருக்கும் வரை காத்திருந்து வாசிக்கச் சொல்வேன். இன்று டெசராக்ட் பெரும்பாலும் படித்துக்காட்டுகிறது. ஆனால் பாடப்புத்தகத்தில் ஒரு வரைபடம், ஒரு அட்டவணை, பிள்ளைகள் கொண்டுவந்து நீட்டும் போட்டோ, இதற்கெல்லாம் என்ன வழி? அதில் என்ன இருக்கிறது என்று ஏஐ முதன்முதலாகச் சொன்ன நாளில் ஒரு மணி நேரம் என் வீட்டு ஆல்பத்தை அதற்குக் காட்டிக்கொண்டிருந்தேன். என் கல்யாணப் போட்டோவில் அம்மா எனக்கு வலப்பக்கம் நிற்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

2024-ல் பயர்பாக்ஸ் 130-ல், பிடிஎஃப்பில் படம் சேர்த்தால் அதற்கு விளக்கம் எழுதித்தரும் வசதி வந்தது. கம்ப்யூட்டரிலேயே ஓடும், எங்கும் அனுப்பாது. வந்தபோது ஆங்கிலத்தில் மட்டும்தான். தமிழில் வரவேண்டும் என்று கேட்க வேண்டிய நேரத்தில் நாம் வேண்டவே வேண்டாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

"வேண்டுமென்றால் நீட்சியாக ஏற்றிக்கொள்" என்பது பார்க்கிறவர்களுக்குச் சுலபம். நீட்சிகளில் நிறைய, பொத்தானுக்குப் பெயரே வைக்காமல் எழுதப்பட்டவை. என் காதில் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்றுதான் விழும். மென்பொருளின் உள்ளே இருப்பதை மட்டுமே அணுகல் சோதனை செய்து வெளியிடுகிறார்கள். உள்ளே வைக்காதே என்றால் எனக்குத் தராதே என்று பொருள். கோபத்தில் எழுதவில்லை அண்ணாச்சி, உங்கள் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன்.


அம்பை எழுத்தர் | ஞாயிறு, இரவு 8:50

சார், உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். நான் எழுதியதில் உங்களை நினைக்கவே இல்லை, அது என் தப்பு. "வைக்கவே கூடாது" என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு சந்தேகம் வருகிறது. மென்பொருள் திறமூலம், சரி. அதற்குள் வைக்கும் மாதிரி? எங்கள் தொழிலில் ஒரு சொத்து கைமாற வேண்டுமானால் தாய்ப்பத்திரம் கேட்போம். இவனுக்கு எப்படி வந்தது, அவனுக்கு முன்னால் யாரிடம் இருந்தது, வில்லங்கம் உண்டா என்று பார்ப்போம். இந்த மாதிரி எந்த எழுத்தைப் படித்து உருவானது, அதை எழுதியவர்கள் சம்மதித்தார்களா, அந்தத் தாய்ப்பத்திரத்தை யாராவது காட்டுவார்களா?


பொருநைக்கரை | ஞாயிறு, இரவு 10:20

அண்ணாச்சி, உலகம் முழுக்க இப்போது நடக்கும் சண்டையே இந்தத் தாய்ப்பத்திரத்தைப் பற்றித்தான்.

கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமம் மூலநிரலுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: திருத்தம் செய்ய எந்த வடிவம் உகந்ததோ அதுவே மூலநிரல். மொழி மாதிரிக்கு அது எது? நமக்குக் கிடைப்பது கோடிக்கணக்கான எண்கள் அடங்கிய ஒரு கோப்பு. அதைத் திறந்து "திருவளர்ச்செல்வன்" எங்கே இருக்கிறது என்று தேடித் திருத்த முடியாது. கொஞ்சம் கூடுதல் பயிற்சி கொடுத்துச் சாய்க்கலாம், அவ்வளவுதான். எதனால் அப்படி ஆனது என்று பார்க்கப் பயிற்சித் தரவு வேண்டும்.

திறமூல முன்னெடுப்பு அமைப்பு 2024 அக்டோபரில் திறமூல ஏஐக்கு வரையறை 1.0 வெளியிட்டது. தரவைப் பற்றிய விரிவான தகவல் தந்தால் போதும், தரவையே தரவேண்டியதில்லை என்றது. ஏற்கவே முடியாது என்று கட்டற்ற மென்பொருள் பக்கத்திலிருந்து பலர் எதிர்த்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான். மெட்டாவின் லாமா உரிமம் அந்த வரையறைக்குள்ளும் அடங்காது. மாதம் 70 கோடிக்கு மேல் பயனர் உள்ள நிறுவனம் தனி அனுமதி வாங்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. திறமூலத்தில் அப்படி ஆள் பார்த்து நிபந்தனை போடக்கூடாது. மிஸ்ட்ரல் 7பி என்ற இன்னொரு மாதிரி, தாராளமான அப்பாச்சி 2.0 உரிமத்தில் வந்தது. விற்பனைப் பத்திரம் சுத்தம், ஆனால் தாய்ப்பத்திரம் அங்கும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், மாதிரியை மென்பொருளோடு கட்டிக் கொடுக்கக் கூடாது. பொருத்துவதற்கு ஒரு பொது இணைப்பை மட்டும் உள்ளே வைக்க வேண்டும். எந்த மாதிரியைப் பொருத்துவது, பொருத்தாமலே விடுவதா என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். அந்த இணைப்பு மென்பொருளின் பகுதியாக இருப்பதால் சார் கேட்ட அணுகல் சோதனையும் நடக்கும். மின்னூல்களுக்கான காலிபர் மென்பொருளில் 2025-ல் புத்தகத்தைப் பற்றி ஏஐயிடம் கேட்கும் வசதியைச் சேர்த்தபோது ஏறக்குறைய இப்படித்தான் செய்தார்கள், நாமாக அமைத்தால்தான் இயங்கும். அதற்கே பயனர்களில் ஒரு பகுதி கொதித்தது. பயர்பாக்ஸிலும் எதிர்ப்பு வலுத்த பிறகுதான் எல்லா ஏஐ வசதிகளையும் ஒரே இடத்தில் அணைக்கும் அமைப்பு 148-ஆம் பதிப்பில் வந்தது. முதல் நாளே அதை வைத்திருந்தால் பாதிக் கோபம் இருந்திருக்காது.


அபிஷேகப்பட்டி மாணவி | திங்கள், காலை 6:30

பல்கலையில் கணினி அறிவியல் படிக்கிறேன். பெரியவர்கள் பேசுமிடத்தில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

இதையெல்லாம் யார் பராமரிப்பது? லிப்ரே ஆபீஸ், படம் திருத்தும் ஜிம்ப், வீடியோ தொகுக்கும் கேடென்லைவ் எல்லாவற்றிலும் வழுக்களை (நிரலில் உள்ள பிழைகளை) திருத்துவதற்கே ஆள் போதவில்லை. ஏஐ நிறுவனங்கள் தங்கள் இடைமுகத்தை அடிக்கடி மாற்றுகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தன்னார்வலர் ராத்திரி உட்கார வேண்டும். ஏற்கெனவே ஏஐ எழுதிய குப்பை அறிக்கைகளால் தவிக்கிறார்கள். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டம் 2026 ஜனவரியோடு வழு கண்டுபிடிப்புக்குப் பரிசு தருவதையே நிறுத்திவிட்டது. இயங்குதளத் திட்டங்களான ஜென்டூவும் நெட்பிஎஸ்டியும் 2024-லேயே ஏஐ எழுதிய நிரலுக்குத் தடை போட்டன.

தமிழ் எழுத்து உடையாமல் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்க இன்னும் முடியவில்லை. "கொ" என்று இருப்பது சில கோப்புகளில் "ெகா" என்று வருகிறது. எனக்கு ஒரு நாள் நேரம் இருந்தால் அதில்தான் செலவழிப்பேன். நான் ஏஐ வேண்டாம் என்கிற கட்சி இல்லை. பாடம் புரியாதபோது தமிழில் கேட்டுத்தான் படிக்கிறேன். ஆனால் அது தனி ஜன்னலில் இருந்தாலும் எனக்குப் போதும்.


பாளை அச்சகம் | திங்கள், மதியம் 1:05

மாணவி சொன்ன "ெகா" பிரச்சினை எங்களுக்குத் தினசரி வேதனை. அதில் ஏதாவது செய்தால் எங்கள் அச்சகமே சோதித்துத் தரும், கூப்பிடு தாயி.

அண்ணாச்சி, நேற்று உங்கள் நான்கெல்லையைப் பெயர் எண் எதுவும் இல்லாமல் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன மாதிரியிடம் கொடுத்துப் பார்த்தேன். இணையத்தைத் துண்டித்துவிட்டுத்தான். எட்டு வரிக்கு நான்கு நிமிஷம் ஆனது. வாய்க்காலை அதுவும் வடக்கே கொண்டுபோய் வைத்தது. "திருப்பி எழுதாதே, ஒற்றுப்பிழையை மட்டும் காட்டு" என்று சொன்னதும் திசையைத் தொடவில்லை. மூன்று ஒற்றுப்பிழை காட்டியது, இரண்டு சரி. திருப்பி எழுதித் தருவது வேறு, சுட்டிக் காட்டுவது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது மட்டும்தான்.


அம்பை எழுத்தர் | திங்கள், இரவு 9:30

அக்கா செய்த சோதனைக்கு நன்றி. எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. பொருநைக்கரை தம்பி உதவியோடு வழுவும் கோரிக்கையும் பதியும் லிப்ரே ஆபீஸ் பக்சில்லா தளத்தில் ஒரு கோரிக்கை எழுத உட்கார்ந்திருக்கிறோம். வரைவு இது:

இணைப்பு உள்ளே இருக்கட்டும், மாதிரி எதுவும் உள்ளே வேண்டாம். நிறுவும்போது அணைந்த நிலையில் இருக்க வேண்டும், 4 ஜிபி மிஷினில் அதன் சுமை துளியும் தெரியக் கூடாது. எழுத்து வெளியே போகிறதென்றால் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனியாகக் கேட்க வேண்டும், ஒருமுறை சரி சொன்னதை எப்போதைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏஐ தொட்ட இடம், எது மாறியது என்று காட்டும் மாற்றப் பதிவில் வேறு நிறத்தில் நிற்க வேண்டும், நான் ஒவ்வொன்றாக ஏற்கும் வரை மூல எழுத்து அப்படியே இருக்க வேண்டும். நிறத்தில் காட்டுவதைச் சத்தமாகவும் சொல்ல வேண்டும், சாருக்காக.

மாற்றப் பதிவு வசதி லிப்ரே ஆபீஸில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. இருப்பதோடு கோக்க வேண்டியதுதான்.

எச்சரிக்கை வாசகத்தைத் தமிழில் எப்படி வைப்பது? "தரவு வெளிப்புறச் சேவையகத்திற்கு அனுப்பப்படும்" என்று தம்பி எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டிக்கு இதை வாசித்துக் காட்டினால் புரியுமா என்று யோசிக்கிறேன்.


திரைவாசிப்பான் | திங்கள், இரவு 10:10

புரியாது. ஈஸ்பீக்கும் "சேவையகத்திற்கு" என்பதை விழுங்கிவிடும். சுருக்கமாக வையுங்கள், முக்கியமான சொல் முதலில் வரட்டும். நான் பாதி கேட்டுவிட்டே பொத்தானை அழுத்திவிடுவேன்.


கல்லிடை கணினி | திங்கள், இரவு 10:25

"வெளியே போகிறது: நீங்கள் எழுதியது இந்தக் கம்ப்யூட்டரை விட்டு இன்னொருவர் கம்ப்யூட்டருக்குப் போகும். அனுப்பவா?"


பொருநைக்கரை | திங்கள், இரவு 10:41

இதையே வைக்கிறேன் அண்ணாச்சி. "அனுப்பவா" என்பதற்குக் கீழே "வேண்டாம்" என்ற பொத்தான்தான் முதலில் தேர்வாகி நிற்கும். என்டர் தட்டினால் எதுவும் போகாது. நாளை காலை கோரிக்கையைப் பதிந்துவிட்டு எண்ணை இங்கே போடுகிறேன். சார், இந்த வாசகத்தை ஒருமுறை ஈஸ்பீக்கில் கேட்டுச் சொல்லுங்கள்.